முழுக்கை ரவிக்கை

14 ஆகஸ்ட் 2005

அன்புள்ள மேரிக்கு, அக்கா எழுதுவது.

'நலம்' என்று எழுதித்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று பேனாவைத் திறந்தேன். திறந்து வெகுநேரம் ஆகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் கொளஞ்சியம்மாளின் பெட்டியில், சேலைகளுக்கு நடுவில் வருகிறது. அவள் இரண்டாம் மாடி வீட்டுச் சமையல்காரி, விருத்தாசலத்துக்காரி. அவளுடைய ஐயாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. இங்கே நம் நாட்டுத் தூதரகத்தில் வேலை பார்க்கும் குடும்பங்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. மூன்று வருடம் ஆனால் மூட்டை கட்டவேண்டும். யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்களுடைய கடிதங்களை வாங்கிப் போய் அங்கே தபாலில் போடுவார்கள். நீ எழுதுவதை மட்டும் கவரின் பின்னால் உள்ள டெல்லி விலாசத்துக்கு அனுப்பு. அங்கிருந்து வாரம் ஒரு முறை ஆபீஸ் பையில் போட்டு இங்கே அனுப்பிவிடுவார்கள்.

போகிறவர்களுக்கு மத்தியானத்தில் விருந்து நடக்கும். ஃபேர்வெல் என்று சொல்கிறார்கள். மாதத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. அதே பெண்கள், அதே பாட்டு, அதே அழுகை. போகிற வீட்டம்மாவுக்கு ஒரு வெள்ளித் தட்டு கொடுப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள், யாருக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று. இந்தத் தடவை அதில் ஃப்ரிட்ஜ், ஊஞ்சல், இட்லிப் பானை, கடைசியில் 'சமையல்காரி' என்று எழுதியிருந்தது. ஊஞ்சலுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். கொளஞ்சியை யாரும் கேட்கவில்லை. "ஊஞ்சலுக்கு இருக்கிற மவுசு எனக்கு இல்ல பாரு"ன்னு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

நம் உப்பள முதலாளி தனகோடியின் மகன், நான் சமைத்துப்போடும் ஜெயசீலன் ஐயா, இங்கே எல்லாருக்கும் பிடித்தவர். கதவைத் திறந்து பெண்களை முன்னால் போகவிடுவார். எனக்குக்கூட 'தேங்க்யூ' சொல்வார், விருந்தாளிகள் இருந்தால். அவர் மனைவி நிவேதாம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. கல்யாணத்தன்று உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு எல்லாம் தன் கையால் பாயசம் ஊற்றியவர். அவர் எந்த விருந்துக்குப் போனாலும் முழுக்கை ரவிக்கைதான் போடுகிறார். இது ஏதோ புதுப் பாணி என்று மற்ற பெண்களும் தைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் தைத்தது மூன்றாம் மாடி வங்காளத்தம்மா. இப்போது நாலு பேர் முழுக்கையில் வருகிறார்கள்.

அந்தக் கைகளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் மேரி. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுபவள் நான்தானே.

போன சனிக்கிழமை கொளஞ்சி வீட்டம்மாவுக்கு ஃபேர்வெல். எல்லாரும் இரண்டு வார்த்தை பேசவேண்டும். நிவேதாம்மா எழுந்து, "நான் எப்படி இருக்கேன்னு என்னைக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்றார். அவ்வளவுதான். எல்லாரும் கை தட்டினார்கள். ஐயாவும் தட்டினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஐயா நிவேதாம்மாவின் தலைமுடியைப் பிடித்து முகம் கழுவும் தொட்டியின் குழாயில் மோதினார். ஒரு தடவை இல்லை. முன்பல் பாதி உடைந்து தொட்டிக்குள் விழுந்தது. நான் டெட்டால் போட்டுத் துடைத்தேன். மறுநாள் டீக்கு வந்த பெண்களிடம் நிவேதாம்மா, "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்றார். "அடப் பாவமே" என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். சாயங்காலம் தூதரின் மனைவி, அம்பாசிடர் அம்மா, ஒரு ரப்பர் மேட் கொடுத்தனுப்பினார். இது மூன்றாவது மேட். எங்கள் பாத்ரூமில் இனி யானை வந்தாலும் வழுக்காது.

யாரிடமும் சொல்லாதே. எனக்குச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை.

உன் அக்கா,
சகாயசெல்வி


மரக்காணம்
9 செப்டம்பர் 2005

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். வரப்பிலேயே நின்று படித்தேன். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி எரிந்ததுகூடத் தெரியவில்லை.

டெட்டால் போட்டாயாமே. பெரிய வேலைதான். அவன் அடிக்கும்போது நீ எங்கே நின்றாய் என்று எழுதவில்லையே. நான் சொல்லட்டுமா? கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருப்பாய். நம் அம்மா ராசம்மாளை அப்பா அடித்தபோதும் நாம் இரண்டு பேரும் அங்கேதான் நின்றோம். உனக்குப் பதினாலு, எனக்கு ஒன்பது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "கெணத்துப் படியில வழுக்கிட்டா"ன்னு அப்பா சொன்னார். ஊர் முழுக்கத் தலையாட்டியது. சர்ச் சாமியாரும் தலையாட்டிவிட்டுத்தான் கல்லறையில் மந்திரித்தார். நாமும்தான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு அது மறந்து போயிருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லிவிட்டேன். நேரே முதலாளி வீட்டுக்குப் போய் லட்சுமியம்மாளிடம் சொன்னேன். "ஒங்க புள்ள அங்க அந்தப் பொண்ணைக் கொல்றாரும்மா. பல்லை ஒடச்சிட்டாரு. ஏதாவது பண்ணுங்க"ன்னேன். அந்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. முறத்தைக் கீழே வைக்காமலே தலையைக் குனிந்து, உச்சியில் முடியை விலக்கிக் காட்டியது. விரல் நீளத்துக்குத் தழும்பு. "பதினோரு தையல். இவன் வயித்துல இருக்கும்போது. நான் யார்கிட்டயும் போய் ஒப்பாரி வெக்கல"ன்னு சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டது.

எனக்கு அந்த முறத்தைப் பிடுங்கி வீசவேண்டும் போல இருந்தது. வீசாமல் வந்ததுதான் வருத்தம்.

ஜெயசீலன் ஒரு மிருகம். அவன் அப்பன் ஒரு மிருகம். நீ அவன் சோற்றில் உப்பைப் போடும்போது ஒருநாளாவது வேறு எதையாவது போட்டுவிட்டு வா. அதற்குத் துணிவில்லை என்றால் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியேவாவது வா.

மேரிசெல்வி


16 அக்டோபர் 2005

மேரி,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் என் கைக்கு வரவில்லை. அவர் கைக்குத்தான் போனது. ஆபீஸ் பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு இப்போது அவருடையதாம். அது எனக்குத் தெரியாது. நீ எழுதும் முன் நான் எச்சரித்திருக்கவேண்டும், தப்பு என்னுடையது. ஆனால் ஆத்திரத்தை எல்லாம் மையில் ஊற்றி அவன் இவன் என்று எழுதினாயே, அது உன் தப்பு. உனக்கு வாய் இருக்கிறது. அதற்கான அடி இங்கே எங்களுக்கு விழுகிறது.

புதன்கிழமை மத்தியானம். நான் அவர் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நிவேதாம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உன் கடிதத்தைச் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'மிருகம்' வந்த இடத்தில் இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு எழுந்து வந்து, "கையக் குடு"ன்னார். ஏதோ தரப்போகிறார் என்று நீட்டினேன் பார், அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் புறங்கையில் வைத்து அழுத்தினார். தோல் பெட்டியோடு போய்விட்டது. தடுக்க வந்த நிவேதாம்மாவை டெலிபோனால் அடித்தார். கன்னத்து எலும்பு வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது.

நான் கத்தியதில் எதிர்வீட்டுக் கிழவி, இந்த ஊர்க்காரி, போலீசுக்குச் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் வந்தார்கள். ஐயா வாசலிலேயே ஒரு அட்டையைக் காட்டினார். பார்த்ததும் விறைப்பாக நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெளிநாட்டு அதிகாரி வீட்டுக்குள் அவர்கள் கால் வைக்க முடியாதாம். டிரைவர் தட்சணாமூர்த்தி எனக்கு விளக்கினார். "அவரைத் தொட முடியாது சகாயம். ஒன்னையும் என்னையும் தொடலாம். நாம எதுனா பண்ணா உள்ள போட்டுடுவாங்க."

என் பாஸ்போர்ட், நிவேதாம்மாவுடையது, எல்லாம் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வெளியே வா என்று எழுதினாயே, எங்கே வருவது சொல்.

ஐயா ஊருக்குப் போன் போட்டுத் தன் அப்பாவிடம் பேசினார். உன் பெயர் காதில் விழுந்தது. கொஞ்ச நாள் உப்பளத்துக்குப் போகாதே. டிசம்பரில் தங்கராசு என்று ஒரு கிளார்க் புதிதாக இங்கே வேலைக்கு வருகிறார், பாண்டிச்சேரிக்காரர். அவர் வீட்டு விலாசம் தட்சணாமூர்த்தியிடமிருந்து வாங்கி இதில் வைத்திருக்கிறேன். இனி எழுதுவதை அவர் மனைவி கையில் கொடு. பையில் அனுப்பாதே.

கதவுக்கு இந்தப் பக்கம் என்று எழுதியிருந்தாய். அவர் படிக்கும்போது அந்த வரியும் என் காதில் விழுந்தது.

சகாயம்


பெரிய முதலியார்சாவடி
2 டிசம்பர் 2005

அக்கா,

மேலே உள்ள விலாசத்தைப் பார். நான் இப்போது மரக்காணத்தில் இல்லை.

உன் எச்சரிக்கை வருவதற்கு நாலு நாள் முன்பே வரவேண்டியது வந்துவிட்டது. மழை வரப்போகிறது என்று உப்பு அம்பாரங்களுக்கு ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தோம். நான் அம்பாரத்தின் மேலே இருந்தேன். மேஸ்திரி இருசப்பன் உப்பு வாரும் பலகையோடு வந்தான். "எறங்குடி. மொதலாளி வீட்டுப் பஞ்சாயத்து பண்றவளா நீ"ன்னான். இறங்கவில்லை. காலைப் பிடித்து இழுத்தான். உப்போடு சேர்ந்து சரிந்தேன். பலகையின் கட்டையால் முதுகில் அடித்தான், தொடையில் அடித்தான், தலையை மறைத்த கையில் அடித்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாயைப் பொத்த வந்தான். கட்டைவிரல் என் பல்லுக்கு நடுவில் மாட்டியது. நான் விடவில்லை. எலும்பு பல்லில் தட்டும்வரை விடவில்லை. அவன் எருமை மாதிரி கத்தினான். கூட ஓலை போட்டவர்கள் பதினைந்து பேர். ஓலையைக் கையில் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கி வந்தவனும் இருசப்பன்தான், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு. முதலாளி அனுப்பியிருந்தார். டாக்டர் சின்னப் பெண். "எப்படிம்மா ஆச்சு?"ன்னு கேட்டது. இருசப்பன் என் பக்கத்தில் நின்றான். நான், "வரப்புல வழுக்கிட்டேன்"ன்னு சொன்னேன்.

நான்தான் சொன்னேன் அக்கா. வேறு யாரும் சொல்லித் தரவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. அந்த டாக்டர் பெண் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. பிறகு அதையே எழுதிக்கொண்டது.

அன்றைக்குத்தான் உன்னைப் பற்றி நான் எழுதியதெல்லாம் என் முகத்தில் வந்து அறைந்தது. உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன், எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. ஆனால் நீ வலது கையால் எழுத முடிகிற நாள் வரை நான் எழுதுவதில் கோபம் இருக்காது.

இங்கே ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறேன், ஒரு கையால். மெஸ் நடத்தும் சகாதேவன் அண்ணன் நல்ல மாதிரி. பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார். அந்த ஊருக்கு நான் இனி போகமாட்டேன். நீயும் அங்கே வராதே. வந்தால் இங்கே வா.

மேரி


22 ஜனவரி 2006

அன்புள்ள மேரி,

தங்கராசு மனைவி உன் கடிதத்தை முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொடுத்தாள். படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தேன். சமைக்கும்போது எல்லாம் கை பட்டது. கை தேறிவிட்டது, இது வலது கையெழுத்துதான். நீ இனி தாராளமாகக் கோபப்படலாம்.

எங்களுக்கும் மாற்றல் வந்துவிட்டது. மார்ச் பத்தொன்பது புறப்பாடு. பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், எங்களுக்கு ஃபேர்வெல். இத்தனை பேருக்கு வடை சுட்டேன், இனி எனக்கே நான் சுட்டுக்கொள்ளவேண்டும்.

ஐயாவுக்கு அடுத்து வேறொரு தேசம். நிவேதாம்மாவை அங்கே கூட்டிப்போகவில்லை. மரக்காணத்தில் அப்பா அம்மா வீட்டில் விடப்போகிறார். விடுமுறைக்கு அவரும் இரண்டு மாதம் அங்கே இருப்பார். பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "இங்க எதிர்வீட்டுக் கெழவி இருக்கா. அங்க நீ கத்தினா கடலுக்குத்தான் கேக்கும்." நிவேதாம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் சமையல்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நான் அங்க போனா திரும்ப மாட்டேன் சகாயம்"ன்னு சொன்னார். அழவில்லை. ரயில் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

நான் யோசித்துவிட்டேன். பாஸ்போர்ட்கள் இரும்புப் பெட்டியைவிட்டு வெளியே வருவது மாற்றல் ஆகும் வாரத்தில் மட்டும்தான். டிக்கெட்டோடு சேர்த்து வீட்டுக்கு வரும். அவர் தன் கோட்டின் உள்பையில்தான் வைப்பார். விருந்து நடக்கும் நேரத்தில் எடுத்துவிட முடிந்தால் டெல்லியில் இறங்கியதும் அவரைவிட்டுக் கழன்றுவிடலாம். டெல்லியில் அவர் அட்டைக்கு யாரும் விறைத்து நிற்கமாட்டார்கள். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்று இருக்கிறது, கொளஞ்சி போகும்போது தங்கிய இடம். நிவேதாம்மா பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன். ஆனால் அம்மாவுக்குப் பிறகு இன்னொரு பெண் வழுக்கி விழுந்தாள் என்று சொல்ல என்னால் ஆகாது.

ஒரு உதவி செய். ஆபீஸ் பைக்கு ஒரு கடிதம் போடு. நீ அடங்கிவிட்டாய் என்று அவர் நினைக்கவேண்டும். உன்னால் அப்படி எழுத முடியுமா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இது தட்சணாமூர்த்தியின் பெட்டியில் வருகிறது. அவருக்கும் மாற்றல். டிரைவருக்கு ஃபேர்வெல் கிடையாது. நான் தனியாக இரண்டு வடை கட்டிக் கொடுத்தேன்.

உன் சகாயம்


மரக்காணம்
16 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு மேரி எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் சுகம். மழை விட்டு, பாத்திகள் காய்ந்து, உப்பு வேலை தொடங்கிவிட்டது. முதலாளி நல்ல மனிதர். நான் வரப்பில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். மேஸ்திரி இருசப்பன் அண்ணன் கூடவே வந்து உதவினார். அவர் விரலில் ஏதோ காயம், ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

நான் முன்பு புத்தி கெட்டு எழுதியதற்கு ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். ஐயாவுக்கு வேளாவேளைக்கு நன்றாகச் சமைத்துப் போடவும்.

தங்கள் தங்கை,
மேரிசெல்வி


டெல்லி
26 மார்ச் 2006

அன்புள்ள மேரி,

வந்துவிட்டோம். இரண்டு பேரும் வந்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நிதானமாகப் படி.

உன் பொய்க் கடிதத்தை ஐயா ரசித்துப் படித்தார். விரல் காயம் என்ற இடத்தில் நான் சிரிப்பை அடக்கப் பாத்திரத்தைக் கீழே போடவேண்டியதாயிற்று.

நான் போட்ட திட்டம் எதுவும் நடக்கவில்லை. விருந்தன்று அவர் கோட்டைக் கழற்றவே இல்லை. ஐம்பது பேர் வந்திருந்தார்கள். நான் சமையல்கட்டில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு எல்லாம் ஆரம்பித்த பிறகுதான் நிவேதாம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். கையில்லாத ரவிக்கை போட்டிருந்தார்.

எனக்கும் சொல்லவில்லை மேரி. கல்யாணத்தில் எடுத்ததாம், பெட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு கையும் திறந்து கிடந்தன. நீலமும் பச்சையும் மஞ்சளும். பழைய சூட்டுக்கோடு, புதிய விரல் தடம், எல்லாம். நேரே நடுவில் வந்து நின்றார். பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள். நான் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று, இப்போது யாராவது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அம்பாசிடர் அம்மா எழுந்து வந்தார். தன் சால்வையை எடுத்து நிவேதாம்மாவின் தோளில் போர்த்தி, கையை மூடி, "குளிரும்மா உனக்கு" என்றார். பிறகு வெள்ளித் தட்டைக் கொடுத்தார்கள். பாட்டுப் பாடினார்கள்.

உன் ஆஸ்பத்திரி டாக்டரை நினைத்துக்கொண்டேன்.

ஐயா சிரித்த முகத்தோடு, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி நிவேதாம்மாவைச் சமையல்கட்டுக்குக் கூட்டி வந்தார். கதவைச் சாத்தினார். வெளியே பாட்டு நடக்கிறது. முடியைப் பிடித்து, அந்த வெள்ளித் தட்டை அவர் கையிலிருந்தே பிடுங்கி, அதன் விளிம்பால் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்தது. மறுபடி அடித்தார். நான், "ஐயா, விடுங்க"ன்னேன். திரும்பவே இல்லை. "ஐயா, செத்துடுவாங்க"ன்னேன். "ஊருக்குப் போயி சாகட்டும்"ன்னு சொல்லிவிட்டு மூன்றாவது தடவை தட்டை ஓங்கினார்.

நான் இந்தத் தடவை கதவுக்கு இந்தப் பக்கம் இல்லை. கதவு எனக்குப் பின்னால் சாத்தியிருந்தது. வடைச் சட்டியை அதன் காதுகளைப் பிடித்துத் தூக்கி, கொதிக்கிற எண்ணெயை அந்த ஓங்கிய கையில் ஊற்றினேன். தோளிலிருந்து விரல்வரை. கை தவறிவிட்டது என்று ஊர் உலகத்துக்குச் சொல்லலாம், உனக்கு அப்படி எழுதமாட்டேன். குறிபார்த்துத்தான் ஊற்றினேன்.

அவர் போட்ட கத்தலில் பாட்டு நின்றது. கதவைத் திறந்துகொண்டு அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தரையெல்லாம் எண்ணெய். அவர் அதில் கிடந்து துடிக்கிறார். தோல் கோட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. என் கையில் சட்டி. அவர் என்னைக் காட்டி, "இவ... இவதான்..." என்று ஆரம்பித்தார். எனக்குத் தட்சணாமூர்த்தி சொன்னது காதில் அடித்தது. என்னைத் தொடலாம். இனி ஜெயில்தான், மேரியைப் பார்க்கப் போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

நிவேதாம்மா எழுந்தார். முகத்தில் ரத்தம் வழிந்து சால்வையில் சொட்டுகிறது. எல்லாரையும் பார்த்து, டீ விருந்துகளில் சிரிப்பாரே, அதே மாதிரி சிரித்தார். உடைந்த பல் தெரிந்தது.

"வழுக்கிடுச்சு" என்றார். "எண்ணெய் சிந்தியிருந்தது, இவர் கவனிக்கல. பிடிக்கப் போயி நானும் விழுந்துட்டேன்."

ஐயா வாயைத் திறந்தார். அப்படி இல்லை என்று அவர் சொல்லலாம். சொன்னால் சமையல்காரி எதற்கு ஊற்றினாள் என்று யாராவது கேட்பார்கள். பக்கத்தில் ரத்தத்தோடு நிற்கும் முகத்தையும், வளைந்து கிடக்கும் வெள்ளித் தட்டையும் பார்ப்பார்கள். அதை அவரும் யோசித்தார், நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

"அடப் பாவமே, வழுக்கிடுச்சா" என்றார் அம்பாசிடர் அம்மா.

அவ்வளவுதான் மேரி. அத்தனை பேரும் நம்பினார்கள். மூன்று வருடமாக நம்பிப் பழகிய வாய்கள். பாத்ரூமில் வழுக்கியது, மாடிப்படியில் வழுக்கியது என்று அவர்கள் நம்பியதெல்லாம் பொய்யென்றால்தானே இதுவும் பொய்யாகும். அதைச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு வரவில்லை. எனக்கு அவர்கள்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த வெறுப்புக்குரிய பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் கோட்டைக் கத்தரிக்கவேண்டி வந்தது. நிவேதாம்மா நல்ல மனைவியாகப் பக்கத்தில் குனிந்து, உள்பையிலிருந்த பாஸ்போர்ட்களையும் டிக்கெட்டுகளையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டுமாம். அந்தக் கை இனி மடங்காதாம். மறுநாள் காலை எங்கள் கதவு மணி அடித்தது. அம்பாசிடர் அம்மா ரப்பர் மேட் அனுப்பியிருந்தார், சமையல்கட்டுக்கு.

கணவருக்குத் துணையாக இருக்காமல் ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. வழக்கப்படி எல்லாப் பெண்களும் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தார்கள். வரிசையாக நின்று கட்டிப்பிடித்தார்கள். கடிதம் போடு, மறந்துடாதே என்றார்கள். கடைசியில் மூன்றாம் மாடி வங்காளத்தம்மா. முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார். நிவேதாம்மாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"நெஜமா வழுக்கித்தான் விழுந்தாரா?" என்று கேட்டார், உதடு அசையாமல்.

"ஆமா. எங்க வீட்டுத் தரை அப்படி."

அவர் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஒரு கையின் பொத்தானைக் கழற்றி முழங்கைவரை மடித்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் தெரிந்தது. சிகரெட் சுட்ட வட்டங்கள், ஒன்று இன்னும் ஈரமாக.

"எங்க வீட்டுத் தரையும் அப்படித்தான்" என்றார். மறுபடி பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

நிவேதாம்மாவைப் பார்த்து முதலில் முழுக்கை தைத்தவர் என்று அவரை வைத்து நான் எத்தனை நாள் கேலி பேசியிருக்கிறேன். நிவேதாம்மா என் பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் உள்ளங்கையில் உன் மெஸ் விலாசத்தை எழுதினார். அவர் கையை மூடிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து டாட்டா காட்டினார், மூடிய கையாலேயே.

நிவேதாம்மாவுக்குப் புருவத்தில் ஏழு தையல். அதைப் பிரித்த இங்குள்ள டாக்டரம்மா எப்படி ஆயிற்று என்று கேட்டார். "என் புருஷன் அடிச்சார்" என்று சொன்னார். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறோம். வக்கீலைப் பார்க்க விடுதி சிஸ்டர் கூட்டிப்போகிறார். முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறோம்.

உன் அறையில் மூன்று பேருக்குப் பாய் போட இடம் இருக்குமா பார். நான்காவது ஒன்றும் சுருட்டி வைத்திரு.

உன் அக்கா,
சகாயசெல்வி